முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்கிறவர்கள் அறை எந்தத் தளத்தில், ஜன்னலா பால்கனியா என்று நாள்கணக்கில் அலசுவார்கள். கடைசியில் வரும் ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கா, எட்டு மணிக்குப் பிறகா? தூத்துக்குடியிலிருந்து போய், கப்பல் சாப்பாட்டுக் கூடங்களில் அசிஸ்டன்ட் வெயிட்டராகத் தொடங்கி, ஹெட் வெயிட்டராக இருந்து ஊர் திரும்பியவன் நான். அந்த ஒரு பதில், ஒரு வாரப் பயணம் வந்த குடும்பத்தின் ஏழு மாலைப் பொழுதுகளையும் எப்படி மாற்றிவிடுகிறது என்பதை மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஏற்பாடு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கப்பல் எதிலும், எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் உட்காரப் பிரதான சாப்பாட்டுக் கூடத்தில் இடம் கிடையாது. 2009-ல் கடலுக்கு வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ கப்பல் அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றும். அவ்வளவு பேருக்கும் நாற்காலி போட்டால் மற்ற எதற்கும் இடம் இருக்காது. அதனால் கல்யாண வீட்டில் நடப்பதுபோல இரண்டு பந்தி. முதல் பந்தி ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள் உட்காரும். இரண்டாம் பந்தி எட்டிலிருந்து எட்டரைக்குள். நிறுவனத்துக்கு நிறுவனம், கடலுக்குக் கடல் கொஞ்சம் மாறும். இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் நிறைய ஏறும் மத்தியதரைக்கடல் கப்பல்களில் இரண்டாம் பந்தி இன்னும் தள்ளிப்போவதும் உண்டு.

எந்தப் பந்தி என்று தீர்மானமானதும் உங்களுக்கு ஒரு மேசை எண் வரும். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே வெயிட்டர், அதே அசிஸ்டன்ட் வெயிட்டர். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. நினைத்த நேரத்துக்கு வந்து, காலியாக இருக்கிற மேசையில் உட்காரலாம். நார்வீஜியன் நிறுவனம் 2000-ல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் இதைத் தன் கப்பல்களில் கொண்டுவந்தது. பிறகு ராயல் கரீபியன் ‘மை டைம்’ என்றும், கார்னிவல் ‘யுவர் டைம்’ என்றும் பெயர் வைத்து, பழைய இரண்டு பந்திகளோடு சேர்த்து இதையும் கொடுத்தன.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. பார்சிலோனாவில் கப்பல் ஏறிய கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர் முதல் நாள் மதியமே என்னைத் தேடி வந்தார். “தம்பி, ஆறு மணிக்கெல்லாம் யாராவது ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவாங்களா? எங்களை ரெண்டாவதுக்கு மாத்தி விடுங்க” என்றார். வீட்டில் ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர். முந்தைய இரவுதான் விமானத்தில் வந்திருந்தார். “அய்யா, இங்கே ஆறு மணின்னா நம்ம ஊர்ல அப்போ ராத்திரி ஒன்பதரை. உங்க வயிறு இன்னும் கோயம்புத்தூர் நேரத்துலதான் இருக்கு. எட்டரை வரைக்கும் காத்திருந்தா உங்களுக்கு நடுராத்திரி ஆயிடும்” என்றேன். அவர் மனைவி உடனே, “தம்பி சொல்றதுதான் சரி, பேசாம வாங்க” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கோடையில் ஸ்பெயினும் இத்தாலியும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிற தமிழர்க்கு, வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாட்கள், அங்கே முதல் பந்திதான் இயல்பான நேரம். சிங்கப்பூரில் இது அப்படியே தலைகீழ். அது நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை ஐந்தரைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தால் நம் உடம்புக்கு அது பிற்பகல் மூன்று மணி. மதியச் சாப்பாடே இன்னும் செரித்திருக்காது. சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுப் பயணம் போகும் நம் குடும்பங்கள், “வயசானவங்க இருக்காங்க, சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கட்டும்” என்று முதல் பந்தி கேட்டு வாங்குவார்கள். அந்தப் பெரியவர்கள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு குறுகிய பயணத்தில் உடம்பு புது நேரத்துக்குப் பழகுவதற்குள் கப்பல் திரும்பிவிடும். அங்கே இரண்டாம் பந்தியே மேல். மியாமி போகிறவர்களுக்கு நான் எந்தக் கணக்கும் சொல்வதில்லை. குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. ஆறு மணிக்கு உட்கார்ந்தாலும் எட்டே காலுக்கு உட்கார்ந்தாலும் உடம்புக்கு விடிகாலைதான். ஓரிரு நாள் முன்னதாகவே போய் இறங்கித் தூங்கி எழுவது ஒன்றுதான் வழி.

உடம்புக்கு அடுத்தது கரை. மத்தியதரைக்கடல் பயணத்தில் தினமும் ஒரு ஊர். அதில் ரோமும் ஃப்ளாரன்ஸும் துறைமுகங்களே அல்ல. ரோமுக்கு என்று கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து நகரம் சுமார் 80 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸுக்கு லிவோர்னோவில் இறங்கி ஏறத்தாழ அதே அளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டும். இப்படிப்பட்ட நாட்களில் சுற்றுலா பஸ் திரும்பிவர மாலை ஐந்தரை, ஆறு ஆகிவிடும். முதல் பந்திக்காரர்கள் வியர்வையோடு அறைக்கு ஓடி, முகம் கழுவி, உடை மாற்றி, மூச்சு வாங்க வந்து உட்காருவார்கள். நாள் முழுக்க வெயிலில் நடந்தவர்களுக்கு வேண்டியது ஒரு குளியலும் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுப்பதும். இரண்டாம் பந்தி அதைத் தருகிறது.

அப்படியானால் உடம்பு ஒன்று கேட்கிறது, கரை வேறொன்று கேட்கிறதே என்பீர்கள். என் முடிவு இதுதான். கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஐரோப்பா போய் இறங்குகிறவர்கள், நடக்கத் தெம்புள்ளவர்கள் இரண்டாம் பந்தி எடுக்கட்டும். விமானத்திலிருந்து நேரே கப்பலுக்கு வருகிறவர்கள், கூடப் பெரியவர்கள் இருக்கிறவர்கள் முதல் பந்தி எடுத்துக்கொண்டு, ரோம் அன்றும் ஃப்ளாரன்ஸ் அன்றும் மட்டும் மேல்தளத்து பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் மேசைக்கு வராவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முந்தைய இரவே வெயிட்டரிடம் சொல்லிவிட்டால் அவருக்கு உதவியாக இருக்கும். கரையிறங்காத நாட்கள் அதிகமுள்ள பயணங்களில் இந்தச் சிக்கலே கிடையாது.

சூரியனையும் கணக்கில் சேருங்கள். டிசம்பரில் மியாமிப் பக்கம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைகிறது. முதல் பந்திக்கு உடுத்திக் கிளம்புகிற நேரத்தில்தான் கடல் நிறம் மாறும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணி சுமாருக்கு மறைவு. அலாஸ்காவின் ஜூனோவில் ஜூன் மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அங்கே முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்துவிட்டு மேல்தளத்துக்குப் போனால் இரண்டு மணி நேரம் நின்று மலைகளைப் பார்க்கலாம். நாடகம், பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான கப்பல்களில் பந்திக்குத் தக்கபடி இரண்டு காட்சி வைத்திருப்பார்கள்.

இனி எங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்குக் கதவு திறக்க எங்களுக்கு அரைமணி, முக்கால் மணிதான் கிடைக்கும். அதற்குள் மேசைவிரிப்பை மாற்றி, கத்தி முள்கரண்டிகளை வரிசையாக வைத்து, கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து, ரொட்டிக் கூடை நிரப்பி, ஒரு வெயிட்டரின் மேசைகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் தயாராக வேண்டும். அதனால் முதல் பந்தியில் ஆரம்பம் நிதானமாகவும் கடைசி அவசரமாகவும் இருக்கும். காபி கோப்பையோடு கதை பேசுவதில் ஆசையுள்ளவர்கள் அங்கே நிறைவாக உணர மாட்டார்கள். முதல் பந்திதான் என்று ஆகிவிட்டால், முக்கிய உணவு சொல்லும்போதே கடைசி இனிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும், அதை நீங்கள் பேச்சில் செலவழிக்கலாம்.

இரண்டாம் பந்தியில் உங்கள் நாற்காலிக்கு யாரும் காத்திருப்பதில்லை. பேச்சு நீளலாம். ஆனால் பரிமாறுகிற பையன் பெரும்பாலும் காலைப் பலகார நேரத்திலிருந்தே நின்றுகொண்டிருப்பவன். 2006-ல் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, கப்பல் பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். அதை இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பரிமாறுகிறவருக்கு அந்த நீளமான ஓய்வு, கடைசி மேசை எழுந்து, துடைத்து, மறுநாளுக்கு அடுக்கிவைத்த பிறகுதான் தொடங்கும். பேச வேண்டியதைப் பேசுங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள். காபி முடிந்ததும் மேல்தளத்துக்குப் போய்ப் பேச்சைத் தொடர்ந்தால், கீழே இரண்டு பேர் அரைமணி முன்னதாகப் படுக்கப் போவார்கள். இதை நான் கேட்டுக்கொள்வது என்னோடு வேலை பார்த்த பையன்களுக்காக.

இரண்டாம் பந்திக்கு மிச்சம்மீதிதான் வரும் என்று ஒரு பயம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது உண்மையல்ல. இரண்டு பந்திக்கும் ஒரே உணவுப் பட்டியல். எந்த இரவில் எந்தப் பதார்த்தம் எத்தனை தட்டு போகும் என்று முந்தைய பயணங்களின் கணக்கு சமையற்கட்டில் இருக்கும், அதைப் பார்த்துத் தவணை தவணையாகச் சமைப்பார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் முன்னறிவிப்பின்றி வந்து சோதிப்பார்கள். சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் கப்பல் தேறவில்லை என்று அறிவித்துவிடுவார்கள். அந்தச் சோதனைக்கு நாங்கள் எல்லாருமே பயந்து வேலை செய்தோம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நேரத்தைவிட உங்களுக்கு முக்கியம் நிலையான மேசை. மேல்நாட்டுச் சமையற்கட்டில் வெஜிடேரியன் என்றால் முட்டை சேரும். காய்கறி சூப் என்று எழுதியிருப்பது கோழி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். நிலையான மேசையில் முதல் இரவு ஒருமுறை சொன்னால் போதும், வெயிட்டர் மனத்தில் வைத்துக்கொள்வார். ஹெட் வெயிட்டர் மறுநாள் பட்டியலை முந்தைய இரவே உங்களிடம் காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொண்டு போவார். பருப்பும் சோறும் காய்க் குழம்பும் அப்படித்தான் மறுநாள் உங்கள் மேசைக்கு வரும். நினைத்த நேரத்துக்குப் போகும் முறையில் தினமும் வேறு வெயிட்டர், தினமும் முதலிலிருந்து விளக்க வேண்டும். வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள், ஜைன உணவு உண்பவர்கள் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் நிலையான மேசையே நல்லது. உட்கார்ந்ததும் சாப்பாடு வந்துவிடாது. முதல் தட்டு வர இருபது நிமிடம் ஆகலாம், முக்கிய உணவுக்கு இன்னும் நேரமாகும். அறையிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். வந்ததும், “ஊசி போட்டாச்சு தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரொட்டியும் சூப்பும் உடனே கொண்டுவருவோம். எந்தப் பந்தி என்று முடிவானதும் மாத்திரை, ஊசி நேரங்களை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இரவு நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு முதல் பந்திதான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் கிடைக்கும்.

சின்னக் குழந்தைகள் இருந்தாலும் பொதுவாக முதல் பந்திதான். எட்டரைக்குத் தொடங்கும் சாப்பாட்டில் இனிப்பு வருவதற்குள் குழந்தை அம்மா மடியில் தூங்கிவிடும். ஆனால் டிஸ்னி கப்பல்களில் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இரண்டாம் பந்தியில் குழந்தைகளுக்கு முதலில் பரிமாறிவிடுவார்கள், குழந்தைகள் மன்றத்துப் பணியாளர் வந்து கூட்டிக்கொண்டு போவார், பெற்றோர் நிதானமாகச் சாப்பிடலாம். அங்கே இரவுக்கு இரவு உணவகம் மாறும், வெயிட்டர்களும் உங்களோடேயே மாறி வருவார்கள்.

இரண்டு மூன்று அறை எடுத்துக் குடும்பமாகப் போகிறவர்கள், எல்லா அறைக்கும் ஒரே பந்தி கேட்டு, பதிவு எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி முகவரிடம் வற்புறுத்துங்கள். அண்ணன் குடும்பம் முதல் பந்தியிலும் தம்பி குடும்பம் இரண்டாவதிலும் இருந்தால், ஒன்றாக உட்கார வைக்க ஹெட் வெயிட்டராலும் முடியாது. இந்தியாவிலிருந்து குழுவாக அழைத்துப் போகும் நிறுவனங்கள் பந்தியைத் தாங்களே முடிவு செய்திருப்பதும் உண்டு. பணம் கட்டும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்ட பந்தி கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், கப்பல் ஏறிய அன்று மதியமே சாப்பாட்டுக் கூட மேலாளரைப் பாருங்கள். மேத்ர டி என்று கேட்டால் காட்டுவார்கள். மாற்ற முடிந்தால் அப்போதே மாற்றித் தருவார். இடமில்லை என்றால் முதல் இரவு கொடுத்த நேரத்திலேயே சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை மறுபடி போய்க் கேளுங்கள். யார் வரவில்லை, எந்த மேசை காலி என்பது அவருக்கு முதல் இரவு முடிந்த பிறகுதான் சரியாகத் தெரியும். பெரும்பாலான மாற்றங்களை நாங்கள் இரண்டாம் நாள்தான் செய்து கொடுத்தோம்.