விடிய விடியப் பாரதக் கூத்து... விடிந்தால் கம்பெனி பஸ்!

"பாயை எடுத்துக்கினு சீக்கிரம் வா, இடம் பூடும்!"

சித்திரை, வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் ஆயா இப்படித்தான் விரட்டுவார். அரக்கோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் கூத்து நடக்கும். ஒரு கோரைப்பாய், ஒரு சால்வை, சொம்பில் தண்ணீர், முந்தானையில் முடிந்த வறுத்த வேர்க்கடலை. இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

பதினோரு மணிக்கெல்லாம் நான் தூங்கிவிடுவேன். கட்டியக்காரன் சிரிக்க வைத்தாலும், வாள் சண்டை நடந்தாலும் ஆயா எழுப்ப மாட்டார். ஆனால், துகிலுரிதல் கூத்தன்று மட்டும் விடியற்காலையில் தோளைப் பிடித்து உலுக்குவார். "எழுந்து உட்காரு, அம்மன் வருது. படுத்துக்கினு பார்க்கக் கூடாது!"

மேடையில் நிற்பது பக்கத்து ஊர் ஆண் ஒருவர், புடவை கட்டி வேஷம் போட்டிருக்கிறார் என்று ஆயாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது அம்மன்தான்.

பல வருடங்கள் கழித்து, சமீபத்தில் அதே மாதிரி ஒரு திடலில் போய் உட்கார்ந்தேன். பாய்களுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெட்ரோமாக்ஸுக்குப் பதில் எல்.இ.டி. விளக்குகள். கூத்து அதே கூத்துதான். ஆனால், இரவு ஒரு மணிக்கு மேல் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாக ஆரம்பித்தன. எழுந்து போனவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்துவிடும். சென்னைக்குப் போகும் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

விடிய விடிய நடக்கும் ஒரு கலையை, விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டிய ஊர் எப்படிக் காப்பாற்றப் போகிறது?

பகலில் பாரதம், இரவில் கூத்து

ராணிப்பேட்டை, வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. செஞ்சி அருகே உள்ள மேலச்சேரி கோயிலைத்தான் இந்த அம்மனின் ஆதிக் கோயில் என்பார்கள். அங்கிருந்து கிளம்பிய வழிபாடு வடதமிழகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

கோடையில் நடக்கும் 'அக்னி வசந்த விழா'தான் இந்தக் கோயில்களின் பெரிய திருவிழா. கொடியேறியதும் ஊருக்குள் மகாபாரதம் நுழைந்துவிடும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தையும் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் பாடிக் கதை சொல்வார். பகலில் காதால் கேட்ட கதையை, இரவில் கூத்தாகக் கண்ணால் பார்க்கலாம்.

எத்தனை நாள் கூத்து என்பது ஊரின் வசதியைப் பொறுத்தது. சில ஊர்களில் 8 அல்லது 10 இரவுகள். வசதியான ஊர்களில் 18 இரவுகள். வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை வரிசையாக நகரும். பகாசூரன் வதத்தன்று வண்டி நிறையச் சோறும் குழம்புமாகப் பீமன் ஊரைச் சுற்றி வருவார். குழந்தைகள் அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவார்கள்.

செலவுக்குத் தலைக்கட்டு வரி. வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் தங்கள் பங்கை அனுப்பிவிடுவார்கள்; லீவு கிடைத்தால் நேரிலேயே வந்துவிடுவார்கள். கட்டிக் கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். ஒரு வருடத்தின் சொந்தபந்தக் கணக்கெல்லாம் அந்தத் திடலில்தான் தீரும்.

கட்டை கட்டினால் ராஜா

தெருக்கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டு உண்டு. அரக்கோணம், காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் ஆடுவது வடக்கத்திப் பாணி. இதைக் 'கட்டைக்கூத்து' என்றும் சொல்வார்கள். கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் ஆகிய மர ஆபரணங்களுக்குத்தான் 'கட்டை' என்று பெயர். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாத் தாள்களும் ஒட்டுவார்கள். கனம் குறைந்த மரம் என்பதால்தான், அதை மாட்டிக்கொண்டு ஒருவரால் இரவெல்லாம் சுழன்று ஆட முடிகிறது.

குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். தலைவர் வாத்தியார். சாயங்காலமே வந்து, சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேஷம் கட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு என்று முகத்தின் நிறத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இசைக்கு ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், ஜால்ரா, கூடவே முகவீணை. பெயரில் வீணை இருந்தாலும் முகவீணை ஊதும் கருவி. நாகஸ்வரத்தின் குட்டித் தங்கை மாதிரி இருக்கும் அதன் கீச்சுக் குரல், வயல்வெளி தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். 19-ம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான ஹார்மோனியம் இந்தக் கூட்டணியில் எப்படியோ சேர்ந்து, இன்று 'பொட்டி' இல்லாமல் கூத்தே இல்லை என்றாகிவிட்டது.

எடுத்தவுடன் கதைக்குள் போய்விட மாட்டார்கள். முதலில் வாத்தியங்கள் மட்டும் முழங்கும். அதற்குக் 'களரி கட்டுதல்' என்று பெயர். ஊருக்கு அழைப்பு மணி மாதிரி! பிறகு கடவுள் வாழ்த்து, கட்டியக்காரன். இவர்தான் கோமாளி, இவர்தான் காவல்காரன், இவர்தான் நம் சார்பில் ராஜாவையே கேள்வி கேட்பவர். உள்ளூர் தண்ணீர்ப் பிரச்னை முதல் பெட்ரோல் விலை வரைக்கும் பாரதத்துக்குள் கொண்டு வந்துவிடுவார். அதன்பின் இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் ராஜா பாடுவார், கிரீடம் மட்டும் தெரியும், சலங்கை குலுங்கும். திரை விலகும் அந்தக் கணத்துக்கு எழும் விசில் இருக்கிறதே... எந்த ஹீரோ அறிமுகக் காட்சிக்கும் குறைந்ததில்லை.

மன்னிப்புக் கேட்கும் துச்சாதனன்

கூத்தில் என்னை இன்றைக்கும் சிலிர்க்க வைப்பது துகிலுரிதல்தான். திரௌபதியின் புடவையில் கை வைப்பதற்கு முன்பு, துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றப்படும். வேடத்தோடு நின்று, 'இது கூத்துக்காகச் செய்வது, தாயே என்னை மன்னித்துவிடு' என்ற பொருளில் அம்மனை வேண்டுவார். அதன் பிறகுதான் புடவையைத் தொடுவார். அந்த நேரத்தில் கூட்டத்தில் சிலருக்கு அருள் வரும். திரௌபதி வேடக்காரருக்கே வருவதும் உண்டு.

ஒரு பெண்ணின் மானத்தைத் தொடுவதை நடிப்புக்காகச் செய்தாலும் பாவம் என்று நினைத்த மரபு இது. பள்ளிக்கூடம் போகாத என் ஆயா இந்தப் பாடத்தைக் கூத்தில்தான் படித்திருக்கிறார். அதைத்தான் எனக்கும் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார்.

தபசு மரமும் மண் துரியோதனனும்

கூத்து மேடையோடு நின்றுவிடாது. அர்ஜுனன் தபசன்று, திடலில் நட்ட 50, 60 அடி உயர மரத்தில் அர்ஜுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழமும் வில்வமும் மடியில் விழுந்தால் வரம் கிடைத்ததாக நம்பிக்கை.

கடைசி நாள் படுகளம். மண்ணைக் குவித்து, துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பதுபோல் பிரமாண்ட உருவம் செய்வார்கள். பல ஊர்களில் அது 30 அடிக்கும் மேல் நீளும். பீமன் அதன் தொடையைக் கதையால் பிளக்க, உள்ளே வைத்த சிவப்பு நீர் பொங்கி வரும். அவிழ்ந்த கூந்தலோடு இத்தனை நாள் காத்திருந்த திரௌபதி, அந்த 'ரத்தத்தை'த் தடவிக் கூந்தல் முடிப்பாள். மக்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வைப்பார்கள். விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. சாயங்காலம் தீமிதி. மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம். யுத்தம் முடிந்து ஊர் வழக்கமான நாட்களுக்குத் திரும்பும்.

சாவு வீட்டிலும் கர்ணன்

திருவிழா தவிர இன்னொரு இடத்திலும் கூத்து நடக்கும். இந்தப் பகுதியில் பெரியவர்கள் இறந்தால், கருமாதி இரவில் 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். இறந்தவருக்கும் மோட்சம் கிட்டட்டும் என்ற வேண்டுதல். இந்தக் கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி வருவாள். கணவனின் பிறப்பைச் சொல்லி அவனை ஒதுக்கி வைப்பவள், உண்மை தெரிந்து உருகும்போது அவன் போருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். 'சொல்ல வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே' என்று அந்தத் தெருவே விசும்பும். துக்க வீட்டில் இதைவிடப் பெரிய ஆறுதல் எது?

கிரேக்கத் தீவிலும் இதே கதைதான்

உலகத்தின் இன்னொரு மூலையையும் பார்ப்போம். கிரேக்க நாட்டின் இக்காரியா தீவுக் கிராமங்களில் கோடையில் 'பனிகிரி' எனும் திருவிழாக்கள் நடக்கும். ஆகஸ்ட் 15, மாதா திருநாள் அன்று விசேஷம். வயலின் இசைக்க, தாத்தா முதல் பேரன் வரை தோளோடு தோள் கோத்து விடியும் வரை வட்டமாக ஆடுவார்கள். ஆட்டுக்கறியும் ஒயினும் விற்று வரும் பணம் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குப் போகும். பிழைப்புக்காக ஏதென்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் அந்த ஒரு இரவுக்காகத் தீவுக்குத் திரும்புவார்கள். கடல் தாண்டினாலும் கணக்கு ஒன்றுதான்... சிதறிய ஊரை ஒன்றாக்க ஓர் இரவும், ஒரு பாட்டும் தேவைப்படுகின்றன.

பெண்கள் வந்தார்கள்

நம்மூரிலும் இந்தக் கலையைத் தாங்கிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாறு அருகே உள்ள புரிசை கிராமத்தில் கண்ணப்ப தம்பிரானின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருகிறது. அவர் ஆட்டத்தில் மனதைப் பறிகொடுத்த எழுத்தாளர் ந.முத்துசாமி, சென்னையில் 'கூத்துப்பட்டறை' நாடகக் குழுவைத் தொடங்கினார். கண்ணப்ப தம்பிரானின் மகன் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பெருங்கட்டூர் பி.ராஜகோபால், கலைஞர்களை ஒன்று சேர்த்து 1990-ல் கட்டைக்கூத்து சங்கத்தை உருவாக்கினார். அவரும், அவர் மனைவியான ஆய்வாளர் ஹன்னே டி பிரைனும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கலையில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். அங்கே பயின்ற திலகவதி பழனி, பெண்களே ஆடும் குழுவை நடத்தும் அளவுக்கு வளர்ந்தார். துரியோதனனாக ஒரு பெண் கர்ஜிப்பதை என் ஆயா பார்த்திருக்க வேண்டும்!

இரண்டு மணி நேரம் போதுமா?

கூத்துக் கலைஞரின் வருமானம் சீசனைப் பொறுத்தது. தை முதல் ஆடி வரை இரவு ஆட்டம், பகலில் வேனில் தூக்கம். மழைக்காலத்தில் விவசாயக் கூலி, பெயின்டிங், கட்டட வேலை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சரியாக சீசன் சூடுபிடிக்கும் நேரம். 2021 கோடையும் அப்படியே போனது. கைநீட்டி வாங்கிய முன்பணத்துக்கு ஆட முடியாமல் போன அந்த இரண்டு கோடைகளில் கலையை விட்டவர்கள் பலர்.

இப்போது திருவிழாக் கமிட்டிகளுக்கு வேறு கவலை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. இளைஞர்கள் கேட்பதோ இன்னிசைக் கச்சேரி. 'கூத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொடுங்கள்' என்று சில இடங்களில் கேட்கிறார்கள். நகர மேடைகளுக்கு அது சரி. ஆனால், கிராமத்தில் அப்படிச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது கட்டியக்காரனின் கேள்விகளும், பொன்னுருவியின் அழுகையும், அந்த மன்னிப்பு வேண்டுதலும்தான். மிஞ்சுவது சண்டைக் காட்சி மட்டுமே.

18 இரவுகளும் முழுதாக வேண்டும் என்று அடம்பிடிப்பதும் நியாயமில்லை. காலை ஷிஃப்ட் போகும் பெண்ணின் தூக்கமும் முக்கியம்தான். துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, பதினெட்டாம் போர் போன்ற முக்கியக் கூத்துகளைச் சனிக்கிழமை இரவுகளில் வரும்படி நாள் குறித்தால் என்ன? அந்தச் சில இரவுகளையாவது ஊர் மொத்தமும் முழுதாக உட்கார்ந்து பார்க்கலாமே!

முதன்முறை பார்க்கப் போகிறீர்களா?

* பங்குனி முதல் ஆடி வரை சுவரொட்டிகளைக் கவனியுங்கள். 'அக்னி வசந்த விழா', 'மகாபாரதச் சொற்பொழிவு' என்று இருந்தால் கூத்தும் பெரும்பாலும் இருக்கும். டிக்கெட் கிடையாது, யாரும் போகலாம்.

* ஒரே இரவுதான் முடியும் என்றால் துகிலுரிதல் அல்லது கர்ண மோட்சம். குழந்தைகளோடு என்றால் அர்ஜுனன் தபசு.

* மதியம் ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். கதைச் சுருக்கத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

* செல்போனில் எடுக்கலாம். ஆனால், ஃப்ளாஷ் வேண்டாம். அருள் வந்தவர்களை வீடியோ எடுக்காதீர்கள்.

* ஆட்டத்தின் நடுவே கலைஞர்களுக்கு அன்பளிப்புக் கொடுத்தால், பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். பத்து ரூபாய்க்கும் அதே மரியாதைதான்.

அன்றிரவு நான் கடைசி வரை இருந்தேன். துச்சாதனன் கற்பூரத்தின் முன் கைகூப்பி நின்றபோது மணி நான்கு இருக்கும். எனக்கு முன் வரிசையில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தார். இங்கிருந்து நேராக வேலைக்குப் போகிறார் போல. அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமியின் கன்னத்தைத் தட்டி எழுப்பினார்.

"எழுந்து உட்காரு பாப்பா. அம்மன் வருது."