உயிரணு வளரும் கூழ்



ஜொகூரில் விருந்து நாளன்று அகர் அகர் கிண்டாத வீடுகள் குறைவு. சிறிதளவு கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால், சட்டி நிறைந்த நீரும் கட்டியாகிவிடுகிறது. பாசியின் நுண்ணிய இழைகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்துக்கொள்வதே காரணம். இத்தகைய பொருளை அறிவியலார் நீர்க்கூழ், அதாவது ஹைட்ரோஜெல் என்பர். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் வழியே இதை அறிந்த ஃபன்னி ஹெஸ்ஸே அம்மையாரின் யோசனையால், 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அகர் அகரில் கிருமிகளை வளர்த்தார்கள்.

இன்று மனித உயிரணுக்களையே கூழில் வளர்க்கிறார்கள். கண்ணாடித் தட்டில் உயிரணு தட்டையாகப் பரந்து கிடக்கும். நம் உடலிலோ, ஈரமான நார்வலை அதைச் சூழ்ந்திருக்கிறது. அந்தச் சூழலைக் கூழ் தருகிறது. கூழின் இறுக்கமும் முக்கியம். மென்மையான கூழில் மூலவுயிரணு நரம்பணு போன்றும், இறுகிய கூழில் எலும்பணு போன்றும் மாறத் தொடங்குவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். நாற்றுக்கு மண் எப்படியோ, உயிரணுவுக்குக் கூழ் அப்படி.

இதனால் நமக்கென்ன பயன்? தீக்காயத்துக்கு நோயாளியின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவது வழக்கம். உடலின் பெரும்பகுதியே வெந்துபோனால், எடுக்கத் தோல் ஏது?

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ருசிமா இட்ருஸ் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். நோயாளியின் தோலில் சிறு துண்டை எடுத்து, அதன் உயிரணுக்களைப் பிரித்துப் பெருக்குகிறார்கள். அவருடைய இரத்தத்திலிருந்தே தெளிநீரைப் பிரித்து, சுண்ணாம்புச் சத்துள்ள உப்பைச் சேர்த்து உறையவைக்கிறார்கள். காயத்தில் இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் இழைகளே இங்கும் கூழாகின்றன. அக்கூழில் மேல்தோல், உள்தோல் உயிரணுக்களை இரு அடுக்காக வளர்த்துக் காயத்தின்மேல் வைக்கிறார்கள். இதற்கு 'மைடெர்ம்' என்று பெயர். கூழும் உயிரணுவும் நோயாளியுடையவையே. ஆதலால் உடல் அவற்றை அந்நியமென்று தள்ளுவதில்லை. விலங்குப் பொருளைப் பற்றிய மதத் தயக்கமும் எழாது.

குறைகளும் உண்டு. தோல் வளரச் சில வாரங்கள் ஆகும். அதில் வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் இல்லை. கனமான உறுப்புகளை வளர்ப்பது இன்னும் கடினம். இரத்தக்குழாய்க்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள உயிரணு பிராணவாயுவின்றி வாடிவிடும்.

ஆகவே, இருக்கும் தோலைக் காப்பதே முதற்கடமை. தீப்புண் பட்டால் பற்பசையோ மாவோ பூசாதீர்கள். குழாய்நீரை 20 நிமிடம் காயத்தின்மேல் ஓடவிட்டு, மருத்துவமனைக்கு விரையுங்கள்.