டாக்டர் ஐயாவின் இன்னொரு பேனா

இலங்கை மலையகத்து வட்டவளை மழை உங்களுக்குத் தெரிந்ததுதான். கம்பளிக் கொங்காணியும் நனைந்து, லயத்துக்கு லயம் இருமல் கேட்கும் நாட்களில் தோட்டத்து டிஸ்பென்சரியில் வரிசை நீளும். அந்த வரிசையில் நிற்பவர்களின் வாழ்க்கை, டாக்டர்களின் கைவழியே நாவலாகவும் ஆகியிருக்கிறது.

‘நந்தி’யைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்பெயர் செ. சிவஞானசுந்தரம். 1928இல் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். மலையகத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் ‘மலைக்கொழுந்து’. பெயரிலேயே பச்சைத் தேயிலை மணக்கிறது, இல்லையா? கர்ப்பிணிகளுக்கான அறிவுரையைக்கூட மருந்துச்சீட்டுப் போல அவர் எழுதவில்லை. ‘அருமைத் தங்கைக்கு’ என்று அண்ணன் எழுதும் கடிதமாக்கினார். படிக்கிறவருக்குப் பயம் போய்விடும். பாதி வைத்தியம் அதுதானே! நாடகங்களும் எழுதினார். 1977இல் தர்மசேன பத்திராஜா இயக்கிய ‘பொன்மணி’ திரைப்படத்தில் நடித்தும் இருக்கிறார். 2005இல் காலமானார்.

இன்னொருவர் தி. ஞானசேகரன். தோட்ட வைத்தியராகவே மலையகத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். 1979இல் வந்த அவருடைய ‘குருதிமலை’, தேயிலைக் காணிகள் துண்டாடப்படுவதை எதிர்த்து நின்ற தொழிலாளர்களின் கதை. 2000இல் ‘ஞானம்’ என்ற இலக்கிய மாத இதழையும் தொடங்கினார்.

பேனா பிடித்த வைத்தியர்கள் நம் நாட்டில் மட்டுமல்ல: ரஷ்யாவின் செகாவும் வைத்தியர்தான், நாடகாசிரியர்தான். அவர் 1890இல் நம் நாட்டுக்கு வந்து, கண்டி வரை மலையேறிப் போனார்.