முகத் தோலும் வீட்டுத் தேய்ப்பு மாவும்

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே மார்கழி, தை மாதங்களில் கீழைக் காற்று கடுமையாக வீசுகின்றது. இக்காற்றில் ஈரம் மிகக் குறைவு. கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சிக்கு மேற்கே, நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் அமைந்துள்ள முதலமடை இக்காற்றை எதிர்கொள்ளும் ஊர்களுள் ஒன்றாகும். ‘மாம்பழ நகரம்’ எனப் பெயர் பெற்ற இவ்வூரில், நாட்டின் பெரும்பாலான தோப்புகளுக்கு முன்னதாகவே மாங்காய் பறிப்புத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே வறண்ட காற்று, வெயில், மாங்காய்ச் சொனை ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் உழைப்பாளரின் முகத்தைத் தாக்குகின்றன. முகம் சொரசொரத்துச் செதில் உதிரும்போது, அடுக்களையிலுள்ள மாவையோ சர்க்கரையையோ எடுத்துத் தேய்ப்பது பலருடைய வழக்கம். இது எவ்வளவு நன்மை தரும், எங்கே தீங்காக மாறும் என்பதை ஆராய்வோம்.

தோல் தானே உதிரும் விதம்

தோலின் மிக வெளிப்புறத்தில் இருப்பது உயிரற்ற தட்டை உயிரணுக்களாலான கொம்படுக்கு ஆகும். உள்ளங்கையில் இவ்வுயிரணுக்கள் சுமார் 50 வரிசைகளாக அடுக்கப்பட்டுள்ளன. முகத்திலோ ஏறத்தாழ 10 வரிசைகளே உள்ளன. செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல, இவ்வுயிரணுக்களின் இடைவெளியைக் கொழுப்புப் பொருள்கள் நிரப்பியிருக்கின்றன. உடலின் நீர் வெளியேறாமலும், புறப்பொருள்கள் உட்புகாமலும் காப்பது இம்மெல்லிய சுவரேயாகும்.

தோலின் அடித்தளத்தில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர்வதற்குச் சுமார் 4 வாரங்கள் ஆகின்றன. முதுமையில் இக்காலம் நீளும். மேல்வரிசை உயிரணுக்களைப் பிணைத்துள்ள புரத இணைப்புகளைத் தோலிலுள்ள நொதிகள் சிறிது சிறிதாக அறுத்து விடுகின்றன. இந்நொதிகள் வேலை செய்வதற்கு நீர் தேவை. வறண்ட காற்று கொம்படுக்கின் ஈரத்தை உறிஞ்சிவிடுமாயின், இணைப்புகள் சரிவர அறுபடுவதில்லை. தனித்தனியே கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டிய உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாய் ஒட்டிக்கொண்டு செதில்களாய்த் தோன்றுகின்றன. எனவே பனிக்காலச் செதில் அழுக்கன்று. அது நீர்க் குறைவின் அறிகுறியாகும். அதற்கு முதல் மருந்து தேய்ப்பதன்று, ஈரத்தைக் காப்பதே. தேங்காயெண்ணெய் போன்ற நெய்ப்புப் பொருளை ஈர முகத்தில் மெல்லப் பூசுவதன் பயன் இதுவே. எனினும் முகப்பரு உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

துகளின் பருமன்

உடலில் மாவு தேய்க்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றும் ‘அஷ்டாங்க ஹிருதயம்’ இதனை ‘உத்வர்த்தனம்’ என்னும் பெயரால் அன்றாட ஒழுக்கங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. தமிழ்நாட்டின் நலங்கு மாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. மலைக்காடுகளில் வளரும் ஒருவகை முட்கொடியின் பட்டையை நசுக்கி எடுத்த நாரை, ‘இஞ்ச’ என்னும் பெயரால் கேரளத்தில் உடல் தேய்க்கப் பயன்படுத்துகின்றனர். ஆனால் முதுகுக்கும் காலுக்கும் ஏற்ற இந்நார் முகத்துக்கு ஏற்றதன்று.

தேய்க்கும் பொருளின் துகள் எவ்வளவு பெரியது, எவ்வளவு கூரியது என்பதே இங்கு முக்கியமானது. முகத்தின் கொம்படுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு கனமே உடையது. சர்க்கரைப் படிகமோ சுமார் அரை மில்லிமீட்டர் பருமனும் கூரிய விளிம்புகளும் கொண்டது. உப்பும் அவ்வாறே. துணியில் சலித்த பயற்ற மாவு நீரில் ஊறி மென்மையடைவதால், அத்தகைய கீறல்களை உண்டாக்குவதில்லை. எண்ணெய்ப் பசையையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். நாட்டு மருந்து செய்வோர் ‘வஸ்திரகாயம்’ எனக் கூறும் துணிச் சலிப்பு, முகத்துக்கான மாவில் விடத்தகாத முறையாகும். முற்காலத்தில் கடைப் பசைகளில் சேர்க்கப்பட்ட நுண் பிளாஸ்டிக் மணிகள் நீர்நிலைகளில் சேர்ந்து கேடு விளைவித்தமையால், அமெரிக்கா 2015-ஆம் ஆண்டில் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அவ்வகையில் வீட்டு மாவு மேலானதே.

கருமை எவ்வாறு விளைகின்றது?

தேய்த்தால் முகம் வெளுக்கும் என்னும் எண்ணமே பெருந்தீங்குக்கு வித்தாகும். நம் நாட்டினரின் தோலில் நிறமிச் செயல் மிகுதி. சிறு கீறலோ அழற்சியோ ஏற்பட்டாலும் அவ்விடத்தில் நிறமி மிகுந்து, கரும்படலம் பல மாதங்கள் நீடிக்கும். வெளுக்க விரும்பி அழுத்தித் தேய்ப்பவர் கருமையையே பெறுகின்றார்.

இயற்கைச் சரக்கு என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. எலுமிச்சைச் சாறு தோலின் இயல்பான அமிலத் தன்மையைக் காட்டிலும் பன்மடங்கு கடியது. மேலும் எலுமிச்சை இனப் பழங்களிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டவுடன் தோலைப் பொசுக்க வல்லவை. நலங்கு மாவில் பலர் சேர்க்கும் கார்போக அரிசியில் ‘சொராலென்’ என்னும் பொருள் உண்டு. வெண்படைச் சிகிச்சையில் ஒளியுடன் சேர்த்து உபயோகிக்கப்படும் மருந்து இது. வெயிலில் உழைப்போர் தம் மாவில் இதனைச் சேர்க்காதிருத்தல் நலம்.

உணவுப் பொருளும் ஆராயத்தக்கதே. ஜப்பான் நாட்டில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த முகச் சோப்பை உபயோகித்தவர்களுள் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு, கோதுமை உணவே ஒவ்வாத நிலை ஏற்பட்டது. 2010-ஆம் ஆண்டையொட்டி இது வெளிப்பட்டது. தோலின் வழியே புகும் புரதத்தை உடல் பகைப்பொருளாகக் கருதக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஆதலால் புண்ணோ கரப்பானோ உள்ள தோலிலும், குழந்தைகளின் முகத்திலும் எம்மாவையும் தேய்த்தல் கூடாது.

சொனையும் முகமும்

மாங்காயின் காம்பை ஒடித்தவுடன் பீறிடும் சொனையில் ரிசார்சினால் இனத்தைச் சேர்ந்த சேர்மங்கள் உள்ளன. இவற்றால் விளையும் ஒவ்வாமை பெரும்பாலும் ஓரிரு நாட்கள் கழித்தே சிவப்பாகவும் அரிப்பாகவும் தோன்றும். பழத்தோலிலும் இப்பொருள்கள் இருப்பதால், மாம்பழத் தோலை உலர்த்திப் பொடித்து முகத்தில் பூசுவது அறிவுடைமையாகாது. சொனை பட்டால் உடனே சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு கழுவ வேண்டும். தோல் சிவந்த பின்னர் தேய்ப்பின், அழற்சி பெருகும், கருமையும் நிலைக்கும்.

மேலும் ஒன்று கருதத்தக்கது. கொம்படுக்கு தேய்ந்த தோல் புறப்பொருள்களை எளிதில் உறிஞ்சும். தோப்பில் பூச்சிமருந்து தெளிக்கும் நாட்களிலும் அவற்றுக்கு முந்திய நாட்களிலும் முகம் தேய்ப்பதை அறவே நிறுத்துதல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

பயற்றம் பருப்பை உலர்த்தி நன்கு அரைத்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்க. இரண்டு தேக்கரண்டி மாவை நீரிலோ, புளிக்காத தயிரிலோ குழைத்துக் கூழாக்குக. தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் உயிரணுப் பிணைப்பை மென்மையாகத் தளர்த்தும் இயல்புடையது. முதன்முறை முன்னங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிக் கழுவி, இரண்டு நாட்கள் கவனித்தல் நன்று. பின்னர் மாலை வேளையில், நனைந்த முகத்தில் விரல் நுனியால் அரை நிமிடம் மட்டும் மெல்லச் சுழற்றிக் கழுவுக. கண்ணைச் சுற்றிய பகுதியை விட்டுவிடுக. துணியால் ஒற்றி, ஈரம் புலருமுன் நெய்ப்புப் பொருளைப் பூசுக. வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டுவதில்லை; எரிச்சல் தோன்றினால் அதுவும் வேண்டா. குழைத்த மாவில் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகுமாதலால் மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தலாகாது. பருக்கள் சீழ் கொண்டிருப்பினும், கருந்திட்டுகள் பரவினும் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

தோப்புக்குச் செல்லுமுன் தலையில் கட்டும் துணியை நெற்றியும் கன்னமும் மறையுமாறு இழுத்துக் கட்டிக்கொள்வது, எந்த மாவினும் முகத்துக்கு மிகுந்த நன்மை பயப்பதாகும்.