கொடியின் மேல் குற்றமில்லை

முசரவாக்கத்தில் நம்மிடம் பயிலும் பையனொருவன், களவாடி வைத்தால்தான் மணி பிளாண்ட் செழிக்கும் என்ற பேச்சை நம்பி, அண்டை வீட்டுக் கொடியைக் கிள்ளிச் சீசாத் தண்ணீரில் இட்டான். ஆறு மாதத்தில் இரண்டே இலை! வெறுந்தண்ணீரில் உணவேது? அலமாரி மூலையில் ஒளியேது? பசிபிக் சமுத்திரத்து மூரியா தீவில் தோன்றிய அக்கொடி, மரமேறி வளரும் ஜாதியன்றோ?

கணுவோடு மண்ணில் நட்டு, நேர்வெயில் படாத ஜன்னலருகே வைக்கச் சொன்னோம். தென்னை நார் சுற்றிய கொழுகொம்பை ஊன்றி, நாரை ஈரமாய் வைத்திருந்தால் கணுவேர் பற்றும், இலையும் பெரிதாகும். மேல்மண் காய்ந்த பின்பே நீர் வார்க்க வேண்டும். சாறு வாயை எரிக்குமாதலால் குழந்தைகளுக்கு எட்டாதிருப்பது நலம்.

கொடி தழைத்தது. பையன் ஒரு துண்டை அண்டை வீட்டாரிடமே கொடுத்து, உண்மையையும் சொல்லிவிட்டான்.