உருக்கினாலான பறவைநாகம்

அச்சந் தருவதைக் கண்டு விலகுதல் உயிர்களின் இயல்பு. ஆயினும், பணங்கொடுத்து அச்சத்தைப் பெறுதற்காக வரிசையிற் காத்துநிற்கும் மக்களையும் இவ்வுலகிற் காண்கின்றோம். அவர்கள் நாடிச் செல்லும் பொருள்களுள் ஒன்று றோலர் கோஸ்டர். மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் தண்டவாளத்தின்மீது மனிதரை ஏற்றிக்கொண்டு விரையும் வண்டித்தொடரே அது.

யப்பான் நாட்டின் மியே மாகாணத்திலே, குவானா நகரிலுள்ள நாகஷிமா ஸ்பா லாண்ட் என்னும் பூங்காவில், 'ஸ்டீல் ட்ரகன் 2000' எனும் றோலர் கோஸ்டர் ஒன்றுண்டு. உருக்கினாலான பறவைநாகம் என்பது இப்பெயரின் பொருள். கீழைத்தேய நாட்காட்டியின்படி 2000ஆம் ஆண்டு பறவைநாகத்தின் ஆண்டாகும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி இது திறக்கப்பட்டது. இதன் உயரம் 97 மீற்றர். பாதையின் நீளம் 2,479 மீற்றர். திறக்கப்பட்ட காலத்தில் உலகிலே இதனினும் நீளமான றோலர் கோஸ்டர் வேறெங்கும் இருந்ததில்லை.

இத்துணைத் தூரம் ஓடும் வண்டியை இயக்கும் இயந்திரம் எங்கே உள்ளது? வண்டியில் இயந்திரம் எதுவுமில்லை. முதற்குன்றின் உச்சிவரை சங்கிலிகள் அதனை இழுத்துச் செல்கின்றன. அவ்வாறு உயர்த்துதற்குச் செலவான சக்தி முழுவதும் வீணாவதில்லை. பெரும்பகுதி அழுத்தசக்தியாக வண்டியில் தங்குகின்றது. உச்சியைத் தாண்டியதும் புவியீர்ப்பு வண்டியைக் கீழே இழுக்க, அச்சக்தி இயக்கசக்தியாக மாறுகின்றது. உயரத்தை விலையாகக் கொடுத்து வேகத்தைப் பெறுகின்றோம் எனலாம்.

பள்ளிக்கூடத்துக் கணக்கினால் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் வீழ்ச்சியின் ஆழம் ஏறத்தாழ 93½ மீற்றர். உராய்வு இல்லையெனக் கொண்டு, ஓய்விலிருந்து அவ்வளவு ஆழம் இறங்கும் பொருளின் வேகத்தைக் கணித்தால், மணிக்கு 154 கிலோமீற்றர் வரும். இவ்வண்டியின் உச்சவேகமாகக் கூறப்படுவது 153 கிலோமீற்றர். பாரங் கூடினும் குறையினும் இக்கணக்கு மாறுவதில்லை. ஆயின், உராய்வும் காற்றின் தடையும் வழிநெடுகச் சக்தியைத் தின்றுகொண்டே செல்கின்றன. ஆதலால், பின்வருங் குன்றுகள் முதற்குன்றினும் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

குன்றின் முகட்டைக் கடக்கும்பொழுது, வண்டி கீழ்நோக்கி வளைகின்றது. நம் உடலோ சென்ற திசையிலேயே செல்ல முயல்கின்றது. அக்கணத்தில் இருக்கை நம்மைத் தாங்குவது குறைகின்றது. உடல் பாரமற்றது போலாகின்றது. வயிற்றிலே ஏதோ கலங்குகின்றது. மக்கள் விரும்பிப் பெறும் அச்சம் இதுவே.

வண்டி பாதையைவிட்டு மேலெழாதது எங்ஙனம்? தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்திலே ஒன்று, அடியிலே ஒன்று என மூவகைச் சக்கரங்கள் அதனைக் கவ்விப் பிடிக்கின்றன. அடிச்சக்கரத்திற்கு 1919ஆம் ஆண்டிலே அமெரிக்கரான ஜோன் மில்லர் காப்புரிமை பெற்றார். அக்காலத்துப் பாதைகள் மரத்தாலானவை. 1959ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் உருக்குக் குழாய்களாலான தண்டவாளம் அமைக்கப்பட்டது. அதன்பின் உருக்குப் பாதைகள் பெருகின. யப்பான் பூகம்பம் மிகுந்த நாடாதலால், நாகஷிமாவின் கோபுரங்களுக்குப் பெருமளவு உருக்கு தேவைப்பட்டது.

இவ்வளவு காவலிருந்தும், 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஓடும் வண்டியினின்று சக்கரமொன்று கழன்று வீழ்ந்தது. கீழே நீச்சற்குளத்திலிருந்த ஒருவரின் இடுப்பெலும்பு முறிந்தது. சவாரி நிறுத்தப்பட்டது, 2006ஆம் ஆண்டிலேயே மீண்டும் ஓடத்தொடங்கிற்று. 2013ஆம் ஆண்டில் பழைய வண்டிகள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்திற் புதியன வந்தன.

இந்நிகழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. காயமுற்றவர் அச்சத்தை நாடி வண்டியில் ஏறியவரல்லர், நீராட வந்தவர். அச்சம் என்பது மனத்தில் நிகழ்வது. ஆபத்து என்பது பொருளில் நிகழ்வது. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒருங்கே இருப்பதில்லை. உச்சியில் அலறும் மனிதர் பெரும்பாலும் ஆபத்தின்றியே இறங்கி வருகின்றார். நாமோ அஞ்சாத இடத்தில் ஆபத்தை அறியாது நிற்றலும் கூடும்.

பூங்காவின் வாயில் திறக்குமுன், வெற்று வண்டியை ஓடவிட்டு, சக்கரத்தையும் ஆணியையும் சோதிக்கும் தொழிலாளரை எவரும் புகழ்வதில்லை. அவர் அஞ்சவேண்டியவற்றை அஞ்சி ஆராய்வதனாலேயே ஏனையோர் விளையாட்டாக அஞ்ச முடிகின்றது. நேயர்களே, பாலத்தைக் கடக்கும்போதும் புகைவண்டியில் ஏறும்போதும் அத்தகையோரை நினைந்துகொள்வோமாக.