பெண்டு எடுத்த காலமும் செட் மாற்றும் காலமும்

பைக் நேராகப் போய் எதிலாவது மோதினால் பெரும்பாலும் முதலில் வளைவது முன் ஃபோர்க் பைப்தான். சக்கரம் நின்றுவிடும், வண்டியின் கனமும் ஓட்டுபவரின் கனமும் முன்னே தள்ளும். அந்தத் தள்ளல் மொத்தமும் வந்து சேரும் இடம், இரண்டு பைப்புகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும் ‘டி’யின் கீழ்ப்பிடியை ஒட்டிய பகுதி. அங்கேதான் பைப் பின்பக்கமாக மடங்கும். 1980-களில் ஓசூரின் ராயக்கோட்டைச் சாலையில் இருட்டில் நின்ற மாட்டுவண்டி மீது மோதிய 100 சிசி பைக்குக்கு இதுதான் நடந்தது. இன்று ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து கிளம்பும் கூட்டத்தில், சட்டென்று நின்ற காரின் பின்னால் இடிக்கும் பைக்குக்கும் இதுதான் நடக்கிறது. அதன் பிறகு நாம் செய்யும் வேலைதான் அடியோடு மாறிவிட்டது.

அன்று பைப்பை நிமிர்த்தினார்கள். இன்று மாற்றுகிறார்கள். எல்லா ஊரிலும் இதே கதைதான் என்றாலும் ஓசூரில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. பைக்கும் இங்கேதான் பிறக்கிறது, ஃபோர்க்கும் இங்கேதான் பிறக்கிறது. சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு இங்கே ஆலை போட்டு, 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. 1984-ல் சுசுகியோடு சேர்ந்து 100 சிசி இந்த்-சுசுகி. பின்னால் சாமுராய், ஷோகன், ஷாவோலின், ஃபியரோ. 2001-ல் சுசுகியோடு இருந்த கூட்டு முடிந்து, அதே ஆண்டு சொந்த வடிவமைப்பில் விக்டர் வந்தது. ஷாக் அப்சார்பரும் ஃபோர்க்கும் செய்யும் கேப்ரியல் நிறுவனத்தின் ஆலையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. பைப்பை மைக்ரான் கணக்கில் அளந்து அனுப்பும் ஊர் இது. அந்தப் பைப் வளைந்து திரும்பி வரும்போது நம் தெருப் பட்டறையில் அதை யாரும் அளப்பதில்லை. அன்றும் அளக்கவில்லை, இன்றும் அளக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த இடைவெளிதான்.

முதலில் அன்றைய பட்டறை. பாகலூர் சாலையிலும் தளிச் சாலையிலும் தகரக் கூரைக்குக் கீழே இருந்த கடைகளில், அடிபட்ட வண்டி வந்தால் மேஸ்திரி உடனே ஸ்பானரைத் தொடமாட்டார். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, பத்தடி முன்னால் போய் உட்கார்ந்து இரண்டு பைப்புகளையும் ஒரே பார்வையில் பார்ப்பார். பிறகு பக்கவாட்டில் வந்து, ஹேண்டில்பாரின் கழுத்திலிருந்து ஆக்ஸில் வரை கண்ணால் ஒரு கோடு இழுப்பார். முன்சக்கரம் இன்ஜின் பக்கம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது, மட்கார்டு சைலன்சர் வளைவைத் தொடுகிறதா என்று பார்ப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் பைப் வளைந்திருக்கிறதா, ‘டி’ வளைந்திருக்கிறதா, இரண்டுமே சரியாக இருந்து வெறுமனே முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இந்தக் கடைசி வேறுபாட்டை இன்றைக்குப் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்த பிறகு, ஹேண்டில் நேராக இருந்தால் சக்கரம் கோணலாக நிற்கும். பார்த்ததும் ஃபோர்க் போய்விட்டது என்று மனம் பதறும். பல நேரம் பைப் வளைந்தே இருக்காது. ‘டி’யின் பிடிகளுக்குள் பைப்புகள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆக்ஸிலையும் கீழ்ப்பிடி போல்ட்டுகளையும் தளர்த்தி, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பினால் நேராகிவிடும். பிறகு ஹேண்டிலைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்டு இறுக்க வேண்டும். செலவே இல்லாத வேலை. இதை அறிந்த பட்டறைக்காரர் வாடிக்கையாளருக்கு ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை மிச்சம் பிடித்துக் கொடுத்தார்.

வளைந்தே இருந்தால், “பெண்டு எடுத்துடலாம்ணா, சாயங்காலம் வாங்க” என்பார்கள். பைப்பைக் கழற்றிக்கொண்டு பையன் லேத் பட்டறைக்கு ஓடுவான். அங்கே கையால் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும். பைப்பின் இரண்டு முனைகளையும் தாங்கி வைத்து, வளைவின் முதுகில் ஒரு மரக்கட்டையோ அலுமினியத் துண்டோ வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார்கள். நேராகும் வரை அழுத்தினால் போதாது. அழுத்தத்தை விட்டதும் எஃகு பழைய வளைவை நோக்கிக் கொஞ்சம் திரும்பும். அதனால் நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் சற்றுத் தள்ளிவிட்டு விட வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பதை அந்தக் கைதான் அறியும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு பைப்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு முறை இப்படிப் போய்வரும். அந்தப் பொறுமையை நான் இன்றும் வணங்குகிறேன்.

ஆனால் அன்றைய பட்டறையைக் கோயிலாக்கிவிடக் கூடாது. பிரஸ் இல்லாத இடத்தில் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டி பைப்பைச் சிவக்க வைத்து நிமிர்த்தியவர்களும் இருந்தார்கள். சூடேறினால் மேலே பூசிய குரோம் முதலில் நிறம் மாறும், பிறகு உரியும். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் எஃகின் உறுதி போய்விடும். அப்படி நிமிர்த்திய பைப், அடுத்த முறை ஒரு ஆழமான பள்ளத்துக்கே வளையும். ஓட்டத்திலேயே வளைந்தால் ஆளைக் கீழே தள்ளும். மடிப்பு விழுந்த பைப்பையும் தட்டி நேராக்கி ஏற்றினார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் உலோகம் ஏற்கெனவே கிழிசலுக்குத் தயாராகிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. ஃபோர்க் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயிலை, அதுவும் அளவில்லாமல், ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் ஊற்றினார்கள். வீடு திரும்பியவர்கள் அதிர்ஷ்டத்தால் திரும்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி இன்றைக்கு. ஃபோர்க்கே மாறிவிட்டது. பழைய 100 சிசி வண்டிகளின் பைப் சுமார் 30 மி.மீ. பருமன். பழைய புல்லட்டில் 35. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ல் 41. பிஎம்டபிள்யூவோடு டிவிஎஸ் 2013-ல் செய்த ஒப்பந்தத்தின் பேரில் ஓசூரில் உருவான 310 வரிசை பைக்குகளிலும் 41 மி.மீ. தான், அதுவும் தலைகீழ் ஃபோர்க். சுவர்ப் பருமன் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30-லிருந்து 41-க்குப் போனால் இரண்டரை மடங்கு. தலைகீழ் ஃபோர்க்கில் பருமனான குழாய் மேலே, ‘டி’யின் பிடிக்குள், வளைவு அதிகம் விழும் அதே இடத்தில் உட்காருகிறது. அதனால் அன்று பைப்பை வளைத்த சின்ன மோதல் இன்று பைப்பை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் மோதிய வேகம் எங்காவது போய்த்தானே தீரும்? அலாய் வீல் விரிசல் விடுகிறது, ‘டி’ வளைகிறது, சேஸின் கழுத்து நகர்கிறது. ஸ்போக்ஸ் ரிம் என்றால் கோட்டம் எடுக்கலாம். அலாய் வீலில் விரிசல் விழுந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பிரேக்கும் மாறிவிட்டது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கின் அடிப்பகுதியில் விழும் சுமை, டிரம் பிரேக் காலத்தைவிட மிக அதிகம். நிமிர்த்திய பைப்பில் அந்தச் சுமையை ஏற்றத் தயங்கும் சர்வீஸ் சென்டரை நான் குறை சொல்லமாட்டேன். “செட்டா மாத்திடுங்க சார்” என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பைப் கிடைக்கிற வண்டிக்குப் புதுப் பைப்தான் சரி. இதில் எனக்கு ஐயமே இல்லை.

மாற்றும் வழக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக், தன் எஸ்1 ஸ்கூட்டர்களின் ஒற்றைக் கை முன் ஃபோர்க் உடைவதாகப் புகார்களும் படங்களும் பரவிய பிறகு, 2023 மார்ச்சில் மேம்படுத்திய ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. பழையதும் பாதுகாப்பானதுதான் என்று சொல்லிக்கொண்டே செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிமுகமான இரண்டாம் தலைமுறையில் ஒற்றைக் கை போய், வழக்கமான இரட்டை டெலஸ்கோபிக் ஃபோர்க் வந்துவிட்டது. அன்றைய டிவிஎஸ் 50-காரருக்கு முன்பக்கத்தில் என்ன ஆனாலும் அது அவர் பாடு, அவர் மேஸ்திரி பாடு. இன்று ஒரு குறை ஊர் முழுக்கத் தெரிந்தால், செய்த நிறுவனமே கூப்பிட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. இது பெரிய முன்னேற்றம்.

சிக்கல் பழைய வண்டிக்காரர்களுக்குத்தான். இன்னும் டிஎன்-29 என்ற தருமபுரி எண்ணோடு ஓடும் சாமுராய்கள் இருக்கின்றன; ஓசூருக்கு டிஎன்-70 வந்ததெல்லாம் பிற்பாடு. பதினைந்து ஆண்டு முடிந்து, ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்து, அப்பா ஓட்டியதைப் பிள்ளை ஓட்டுகிறார். மைசூரில் 1996 வரை செய்யப்பட்ட யெஸ்டியும் எல்லைக்கு இப்பக்கம் நிறைய உண்டு. இவற்றுக்குப் புதுப் பைப் கேட்டால் கவுண்டரில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகர் குஜிரியிலும் தேடுகிறார்கள். இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. பிரித்த வண்டியிலிருந்து எடுத்த பைப் அங்கே கிடைக்கும். அந்த வண்டியை ஏன் பிரித்தார்கள் என்பதைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. முன்னால் மோதித்தான் அது அங்கே வந்திருக்கலாம். கண்ணாடியில் உருட்டிப் பார்க்காமல் பழைய பைப்புக்குக் காசு கொடுக்கக் கூடாது. ஆயில் சீல் ஓடும் பகுதியில் துருக்குழி இருந்தாலும் வேண்டாம். எத்தனை சீல் மாற்றினாலும் ஆயில் கசியும். அந்தக் குழியைப் போக்க, பைப்பை அரைத்து, கனமாகக் குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்கு அரைக்க வேண்டும். வேறு வழியே இல்லாத வண்டிக்கு மட்டும்தான் அந்தச் செலவு தகும்.

இங்கேதான் அளவுக்கு வருகிறேன். வளைவு சிறியது, மடிப்பு விழவில்லை, புதுப் பைப் கிடைக்கவில்லை என்றால், சூடேற்றாமல் பிரஸ்ஸில் நிமிர்த்துவது முறையான வேலைதான். நிமிர்ந்துவிட்டதா என்பதைக் கண் முடிவு செய்யக் கூடாது. பைப்பை இரண்டு வி-பிளாக்கின் மேல் வைத்து, நடுவில் டயல் கேஜின் முள்ளைத் தொடவிட்டு, மெல்லச் சுற்ற வேண்டும். முள் காட்டும் மொத்த நகர்வில் பாதிதான் உண்மையான வளைவு. ஹோண்டாவின் சர்வீஸ் கையேடுகள் பலவற்றில் இதற்கு 0.20 மி.மீ. எல்லை, அதற்கு மேல் போனால் பைப்பை மாற்றச் சொல்கின்றன. கண்ணாடிப் பலகையால் இந்த அளவைப் பிரித்துச் சொல்ல முடியாது. டயல் கேஜோ ஓசூரில் அபூர்வப் பொருளல்ல. சிப்காட்டைச் சுற்றி இருக்கும் சிறு லேத் யூனிட்டுகளில் காலை ஷிப்டுக்கு வரும் இருபது வயதுப் பையன்கூட அதைக் கையில் எடுத்துத்தான் வேலையைத் தொடங்குகிறான். மாலையில் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகும்போது, “எத்தனை பாயின்ட் பெண்டு இருக்குண்ணா?” என்று அவன் கேட்பதில்லை. மெக்கானிக்கும் சொல்வதில்லை.

கேட்க வேண்டும். பெண்டு எடுத்த பைப்புக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பட்டறையில் கேஜ் இல்லையென்றால், இருக்கும் யூனிட்டில் காட்டி எழுதி வரச் சொல்லலாம். பத்து நிமிட வேலை. மாற்றினாலும் நிமிர்த்தினாலும், ‘டி’யைத் தனியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வளைந்த ‘டி’யில் ஏற்றிய புதுப் பைப்பும் கோணலாகத்தான் நிற்கும். ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள கோன் செட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பைப் மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆயில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, அதுவும் மில்லி கணக்கில்.

இந்த ஊரின் நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நிறுத்திவிட்ட மாடல்களின் ஃபோர்க் பைப் வரைபடங்களை, நீளம், விட்டம், மேல் மரையின் அளவு, குரோம் கனம் இவற்றோடு வெளியிட்டால் அவர்களுக்கு வியாபார நட்டம் எதுவும் இல்லை. அந்தப் பைப்பைக் கடைந்து, அரைத்து, பூசித் தரும் திறமை ஓசூரின் சின்ன யூனிட்டுகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அளவுத் தாள் கையில் கிடைத்தால், ஐம்பது பைப்புக்கு ஒரு ஆர்டர் சேர்ந்தாலே சாமுராய்க்கும் ஷோகனுக்கும் புதுப் பைப் செய்துவிடலாம்.